ஒரு மாவட்டம், இரு விடுதலை நாள்கள்

மறந்துவிடக் கூடாத செய்தியை முந்தானை நுனியில் முடிந்து வைத்துக்கொள்வது நம் பாட்டிமார் வழக்கம். மக்களினங்களும் அவ்வாறே தாம் மறக்கக் கூடாதவற்றை நாட்காட்டியில் முடிந்து வைக்கின்றன. அம்முடிச்சுகளையே நாம் விழா நாள் என்றும் விடுமுறை நாள் என்றும் அழைக்கிறோம். ஆண்டுகள் செல்லச் செல்ல முடிச்சு மட்டும் எஞ்சி நிற்க, எதற்காக முடிந்தோம் என்பது மறந்துபோவதும் உண்டு. அப்போது அவிழ்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் வரலாற்றாசிரியரும் கவிஞரும் ஆவர். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அத்தகைய முடிச்சு ஒன்றை அவிழ்க்க முற்படுகிறேன்.

புரட்சி, குடியாட்சி, விடுதலை என்னும் மூன்றையும் ஒரே நாளில் கொண்டாடும் நாடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பிரான்சு. சூலை 14ஆம் நாளை அந்நாடு 1880இல் தேசிய நாளாக்கியது. அந்நாள் 1789இல் பாஸ்தில் சிறை தகர்ந்ததைக் குறிக்கிறதா, அதற்கு அடுத்த ஆண்டு அதே நாளில் மக்கள் ஒன்றுகூடி எடுத்த ஒற்றுமை விழாவைக் குறிக்கிறதா என்னும் வினா அன்றே எழுந்தது. குருதி சிந்திய நாளைக் கொண்டாட மனமில்லாதோர் இரண்டாவதை நினைத்துக்கொண்டனர். புரட்சியைப் போற்றுவோர் முதலாவதை நினைத்துக்கொண்டனர். ஒரே நாள் இரு சாரார்க்கும் இடந்தந்தது.

நம் நிலைமை இதற்கு நேர் எதிரானது. அங்கே ஒரு நாளுக்கு இரு பொருள். இங்கே ஒரு பொருளுக்கு இரு நாள். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு 1947 ஆகஸ்டு 15 அன்றும், மற்றொரு பகுதிக்கு 1948 மார்ச்சு 3 அன்றும் பழைய ஆட்சி முடிந்தது. முன்னதற்குக் கொடியேற்றமும் மிட்டாயும் உண்டு. பின்னதற்கு நாட்காட்டியில் சிவப்பெழுத்து இல்லை.

கடற்கரைச் சீமையும் தொண்டைமான் சீமையும்

இன்றைய மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போர்க்கு அது தொன்றுதொட்டு ஒரே நிலமாக இருந்ததுபோல் தோன்றும். உண்மை அதுவன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இரகுநாதராயத் தொண்டைமானால் நிலைபெற்ற புதுக்கோட்டைத் தன்னரசு ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்புடையதாய் இருந்தது. வடக்கிலும் மேற்கிலும் திருச்சி, கிழக்கில் தஞ்சை, தெற்கில் இராமநாதபுரம் எனச் சுற்றிலும் பிற சீமைகள் சூழ நடுவே அமைந்த அந்நாட்டிற்குக் கடல் இல்லை. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் ஆகிய மூன்று வட்டங்களே சமஸ்தானம்.

கோட்டைப்பட்டினமோ கடலையே வாழ்வாகக் கொண்ட ஊர். பாக்கு நீரிணையின் கரையில் மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையே அமைந்தது. அன்று இப்பகுதி அறந்தாங்கியைச் சார்ந்து தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதாவது வெள்ளையர் நேரடியாக ஆண்ட சென்னை மாகாணத்தின் நிலம். எங்கள் ஊர் முதியோர் மேற்கே கைகாட்டித் 'தொண்டைமான் சீமை' என்று சொல்லும்போது, அக்குரலில் வேற்று நாட்டைச் சுட்டும் ஒரு தொலைவு இருக்கும். ஒரே மொழி, ஒரே உணவு, கொள்வினை கொடுப்பினை உறவு; ஆயினும் இரண்டு ஆட்சி, இரண்டு சட்டம், இரண்டு நாணயம்.

அத்தனி நாணயமே அம்மன் காசு. ஒரு புறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் வடிவமும், மறுபுறம் 'விஜய' என்னும் தெலுங்கு எழுத்தும் பொறித்த சிறு செப்புக்காசு அது. நவராத்திரியின்போது அரண்மனையில் அக்காசை வழங்கும் வழக்கம் இருந்தது. 'அம்மஞ்சல்லி பெறாது' என்று இன்றும் நாம் ஒன்றை இகழ்ந்துரைக்கிறோம். ஓர் அரசின் நாணயம், அவ்வரசு மறைந்த பின்பு, பேச்சில் மட்டும் செல்லுபடியாகிறது.

தொண்டைமான் மரபைப் பற்றி எழுதுவோர் ஒரு வடுவைத் தொடாமல் செல்ல இயலாது. 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டை எல்லைக்குள் என்பதும், அவ்வாண்டு அக்டோபர் 16இல் அவன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான் என்பதும் வரலாறு. கருநாடகப் போர்க்காலந்தொட்டு ஆங்கிலேயர் பக்கம் நின்றமைக்குப் பரிசாகக் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டைமானுக்குக் கிடைத்தன. ஆண்டுக்கொரு யானை திறையாகத் தரவேண்டும் என்று எழுதப்பட்ட விதியும் பின்னர்க் கைவிடப்பட்டது. தமிழகத்துப் பாளையங்கள் ஒவ்வொன்றாகத் தகர்ந்தபோது இந்த ஓர் அரசு மட்டும் தன் அரியணையைக் காத்துக்கொண்டதற்கு இந்த நட்பே காரணம். வீரத்தை மட்டும் பாடுவோர் இப்பகுதியை மறைத்துவிடுகின்றனர். பழியை மட்டும் பேசுவோர் பின்னால் வந்த நாளைக் காணாதொழிகின்றனர். இரண்டையும் ஒருசேரக் காண்பதே முறை.

கிளர்ச்சி எங்கே நிகழ்ந்தது?

விடுதலைப் போர் என்றவுடன் வடநாட்டு நகரங்களையே நினைப்பது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் கடற்கரையின் இரு முனைகளையும் எண்ணிப் பாருங்கள். வடக்கே வேதாரணியம், 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்து சென்று உப்பு அள்ளிய இடம். தெற்கே திருவாடானை, 1942 ஆகஸ்டில் மக்கள் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்த இடம். ஓரிடத்தில் ஒரு கைப்பிடி உப்பு. மற்றோரிடத்தில் பெயர்க்கப்பட்ட சிறைக்கதவு. அறப்போரும் ஆத்திரமும் இக்கரையின் இரு முனைகளிலும் நிகழ்ந்தன.

சமஸ்தானத்திற்குள்ளும் அமைதி நிலவவில்லை. அங்கே 1902இல் பிரதிநிதி சபையும், 1924இல் சட்டமன்றமும் அமைக்கப்பட்டன. இவை ஆலோசனை கூறும் அவைகளாகவே இருந்தன. முடிவு மேலிடத்தில் இருந்தது. 1931இல் வரிச்சுமையை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரில் எழுந்த கிளர்ச்சி, குடிகளின் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டிற்று. அக்கிளர்ச்சியோடு இணைத்துப் பேசப்பட்ட பெயர் வழக்கறிஞர் முத்துச்சாமி வல்லத்தரசு. அப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

வேறொன்றும் எண்ணத்தக்கது. 1887இல் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியும், 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தொண்டைமானின் குடிகளாகப் பிறந்தவர்கள். இருவரும் தம் போர்க்களத்தை அமைத்துக்கொண்டது சென்னையில். முன்னவர் அந்நிய ஆட்சியை எதிர்த்தார். பின்னவர் தேவதாசி முறையை எதிர்த்தார். பிறந்த மண் அவர்களை ஈந்தது. அவர்தம் குரல் முழங்குதற்குரிய மேடையைத் தரவில்லை. சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் மறைந்தார். தாம் பிறந்த திருமயம் மன்னராட்சியிலிருந்து மீண்டதையும் அவர் காணவில்லை. நாடு விடுதலை பெற்றதையும் காணவில்லை.

இருநூற்றொரு நாள்

1947 ஆகஸ்டு 15 அன்று கோட்டைப்பட்டினம் விடுதலை பெற்றது. அந்நாளில் சமஸ்தானத்தின் நிலை யாது? ஆங்கிலேயரின் மேலாண்மை நீங்கிற்று. பாதுகாப்பு, அயலுறவு, தகவல் போக்குவரத்து ஆகிய மூன்றும் இந்திய அரசுக்கு ஒப்படைக்கப்பட்டன. உள்நாட்டு ஆட்சி மன்னரிடமே நின்றது. அரியணையில் இருந்தவர் இராஜகோபாலத் தொண்டைமான். 1922இல் பிறந்து, 1928இல் ஆறு வயதுச் சிறுவனாக அரசுரிமை எய்தி, 1944இல் முழு அதிகாரம் பெற்றவர். திவானாக இருந்தவர் பி. கலிபுல்லா. கடற்கரைச் சீமையில் மக்கள் தம் கொடியை ஏற்றிய அதே காலையில் தொண்டைமான் சீமையின் குடிகள் மன்னரின் குடிகளாகவே எழுந்தனர்.

1948 மார்ச்சு 3 அன்று அந்நிலை மாறியது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பிரிவாயிற்று. எண்ணிப் பார்த்தால் ஆகஸ்டு 15இலிருந்து அது 201ஆம் நாள். இரண்டரை நூற்றாண்டு ஆண்ட மரபு ஒன்று, அரியணையைவிட்டு அமைதியாக இறங்கிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ஐதராபாத்திற்குப் படை அனுப்ப நேர்ந்ததையும், 1961 டிசம்பரில் கோவாவிற்குப் படை அனுப்ப நேர்ந்ததையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வமைதியின் மதிப்பு விளங்கும்.

பிரெஞ்சுப் புதுவையின் கதை வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர், எண்மர் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று; சட்டமுறையான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல்தான் நிறைவுற்றது. புதுவை இவ்விரு நாள்களையும் நினைவில் வைத்திருக்கிறது. அங்கே எண்மரின் மறுப்பும் ஏட்டில் ஏறியுள்ளது. புதுக்கோட்டையில் குடிகளை ஒருவரும் கேட்கவில்லை. மார்ச்சு 3இன் பெருமை அதன் அமைதி. அதன் குறையும் அதுவே. மன்னர் கையெழுத்திட்டார், மக்கள் செய்தி அறிந்தனர். ஆண்டோர் மாறிய நாளில் ஆளப்பட்டோரின் குரல் பதிவாகவில்லை.

அந்நாள்களில் புதுக்கோட்டை இலக்கியத்தில் உறங்கிக்கிடக்கவில்லை என்பதை நம் வட்டத்தார்க்கு நினைவூட்ட வேண்டும். கண்ணதாசன் இளமையில் 'திருமகள்' இதழில் பணியாற்றிய ஊர் அது. பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர்களை அறிமுகம் செய்த 'பொன்னி' இதழ் 1947இல் அங்கிருந்தே கிளம்பிற்று. மன்னராட்சியின் இறுதி மாதங்களும் புதுக்கவிஞர் தலைமுறையின் முதல் மாதங்களும் ஒரே நகரில் கைகோத்து நடந்திருக்கின்றன.

குடியும் குடிமகனும்

நாளைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. 1930 முதல் சனவரி 26ஐயே விடுதலை நாளாக மக்கள் கொண்டாடி வந்தனர். விடுதலை வருமுன்பே விடுதலை நாளைக் கொண்டாடிய துணிவு அது. 1921இலேயே மறைந்த பாரதி, விடுதலை கிட்டிவிட்டதாகவே எண்ணிப் பள்ளுப் பாடியதும் அத்துணிவே. ஆகஸ்டு 15ஐத் தேர்ந்தவரோ மவுண்ட்பேட்டன். அது 1945இல் சப்பான் சரணடைந்த நாள் என்பது அவர் கூறிய காரணம். ஆள்வோர் தேர்ந்த நாள் விடுதலை நாளாயிற்று. மக்கள் தேர்ந்த நாளுக்கு 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது மீண்டும் உயிர் வந்தது.

ஆகஸ்டு 15ஐத் தமிழகம் ஒரே மனத்தோடு வரவேற்றதும் இல்லை. பெரியார் அதனைத் துக்க நாள் என்றார்; அண்ணா அதனை மறுத்து இன்ப நாள் என்றார். ஒரே இயக்கத்தின் இரு பெருந்தலைவர்கள் ஒரு நாளைப்பற்றி இருவேறு கருத்துக் கொண்டனர். அண்மையிலும் தமிழ்நாட்டு நாள் எதுவென்ற வினா எழவில்லையா? 1956இல் மாநிலம் அமைந்த நவம்பர் 1 என்று 2019இல் முடிவாயிற்று. 1967இல் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய சூலை 18 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. நாளைப்பற்றிய வழக்கு எப்போதும் பொருளைப்பற்றிய வழக்கே.

எனின், நம் மாவட்டத்தார் விடுதலையின் முழுப்பொருளை எந்நாளில் பெற்றனர்? என் விடை, 1952இன் தொடக்கம். 'குடி' என்னும் சொல் அன்று வரை ஆளப்படுவோரைக் குறித்தது. முதற் பொதுத்தேர்தலில் நிலமுள்ளவரும் இல்லாதவரும், கற்றவரும் கல்லாதவரும், ஆணும் பெண்ணும் வாக்குச்சாவடி வாயிலில் ஒரே வரிசையில் நின்றபோது அச்சொல் 'குடிமகன்', 'குடிமகள்' என வளர்ந்தது. கோட்டைப்பட்டினத்து மீனவரும் திருமயத்து உழவரும் பழைய எல்லையின் வேறுபாடின்றி அன்றுதான் ஒரே உரிமை பெற்றனர். அத்தேர்தலில் புதுக்கோட்டைத் தொகுதி மக்கள் நாட்டை ஆண்ட காங்கிரசைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வேட்பாளரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். அவர் பெயர் முத்துச்சாமி வல்லத்தரசு. 1931இல் தெருவில் கேட்ட குரல் 1952இல் தில்லியில் ஒலித்தது. கிளர்ச்சி, விடுதலை, குடியாட்சி மூன்றும் இந்த ஒரு பெயரில் வந்து கூடுகின்றன.

அக்கரையில் ஒரு விடுதலை

எங்கள் ஊர்க் கரையில் நின்று நோக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஓர் அண்டை நாடு எதிரே இருக்கிறது. அங்கேயும் அதே காலத்தில் ஒரு விடுதலை வந்தது. 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. புதுக்கோட்டை இணைவதற்குச் சரியாக 28 நாள் முன்னர். ஆக, இந்நீரிணையின் இருபுறமும் ஏழு திங்களுக்குள் மூன்று விடுதலைகள்.

அக்கரை விடுதலையில் நம்மவர்க்குக் கிடைத்த பங்கு கசப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்ட ஏழை மக்கள் கால்நடையாகக் கரைக்கு வந்து, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அம்மாபட்டினம், தொண்டி போன்ற துறைகளில் தோணியேறி மன்னார் சென்றனர். அங்கிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களை, விடுதலை பெற்ற அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஓர் ஏட்டின் வரியால் ஊரிலிருந்தபடியே அயலாராயினர். தொண்டைமான் சீமையிலிருந்து சென்றவனின் பேரன் அங்கே உரிமையிழந்த ஆண்டிலேயே, ஊரில் தங்கியவனின் பேரன் இங்கே உரிமை பெறத் தொடங்கினான். ஒரு குடும்பத்திற்கு 1948 எத்தகைய ஆண்டு என்பது, அதன் பாட்டன் தோணியேறினானா இல்லையா என்பதைப் பொறுத்ததாயிற்று. கொடி ஏறுவதால் மட்டும் குடிமக்கள் உருவாவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1974

1974 சனவரி 14, பொங்கல் நாளில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. திருச்சியிலிருந்து பழைய சமஸ்தான நிலமும், தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதியும் ஒன்றாயின. கடலில்லாச் சீமைக்குக் கடல் கிட்டியது. எங்கள் கடற்கரைக்கு ஒரு தலைநகர் கிட்டியது. மன்னர் வாழ்ந்த அரண்மனை ஆட்சியர் அலுவலகமாயிற்று. ஒருகாலத்தில் குடிகள் தலைதாழ்ந்து நின்ற வாயிலில் இன்று முதியோர் உதவித்தொகைக்கும் வீட்டுமனைப் பட்டாவிற்கும் மக்கள் மனுவேந்தி நிற்கின்றனர். மனு ஏந்தும் கை மாறவில்லையே என்று வருந்துவோர் உளர். அம்மனு மறுக்கப்பட்டால் ஏனென்று கேட்கும் உரிமை வந்திருக்கிறது என்பேன்.

அதே 1974 சூன் திங்களில் மற்றோர் ஏடு எழுதப்பட்டது. பாக்கு நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் எல்லை வகுத்துக்கொண்டன. கச்சத்தீவு அக்கரையின் பக்கம் சென்றது. தைத் திங்களில் கடலைப் பெற்ற மாவட்டம் ஆனித் திங்களில் அக்கடலில் ஒரு கோடு வரையப்பட்டதைக் கண்டது. அலைமேல் வரைந்த கோடு கண்ணுக்குத் தெரியாது, விளைவு தெரியும். 2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குச் சென்ற படகொன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியதில் நால்வர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரிலும் அத்தகைய மோதலில் ஒருவர் உயிர் நீத்தார். ஒரே ஆண்டில் ஒரே துறையிலிருந்து சென்ற ஐவர்.

நீதியோடு எழுதுவோர் அக்கரை நியாயத்தையும் சொல்ல வேண்டும். போரால் பல்லாண்டு கடலை இழந்த யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவர்கள், நம் இழுவைப் படகுகளின் மடி கடலடியைச் சுரண்டுவதாகவும் தம் வலைகளை அறுப்பதாகவும் முறையிடுகின்றனர். 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இருபுறமும் தமிழர், இருபுறமும் பசி. ஒருவரின் உரிமை எங்கே முடிந்து மற்றவரின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதை எந்த விடுதலை நாளும் நமக்குக் கற்பிக்கவில்லை.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

மார்ச்சு 3ஐ விடுமுறை நாளாக்க வேண்டும் என்று கேட்பது என் நோக்கமன்று. விடுமுறைகள் நம்மிடம் போதிய அளவு உள்ளன. அந்நாளில் நம் வட்டம் கூடி, ஒரு மாலைப்பொழுதேனும் மூன்று வினாக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள். யார் கேளாமல் விடப்பட்டனர்? யார் தோணியேறிப்போய் உரிமையிழந்தனர்? யார் இன்னும் கடலில் எல்லையறியாமல் மடிகின்றனர்? இவற்றிற்கு அரசாணைகள் விடை கூறா. பாட்டு கூறக்கூடும்.

தொண்டைமான்களைப் பாடிய புலவர்கள் பரிசில் பெற்றனர். வல்லத்தரசுவைப் பாடியவர் உளரா? முதன்முறை விரலில் மையிட்டுக்கொண்ட மூதாட்டியைப் பாடியவர் உளரா? அம்மாபட்டினத் துறையில் தோணிக்குக் காத்திருந்த கூட்டத்தைப் பாடியவர் உளரா? இவர்களைப் பாடுவதால் பொற்காசு கிடைக்காது, அம்மன்காசும் கிடைக்காது. ஆயினும் அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிஞர் ஒருவரேனும் இப்பொருளை எடுத்தாளின், இம்மலரில் நான் அவிழ்த்து வைத்த முடிச்சு வீணாகாது.

ஆகஸ்டு 15 அன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடியேறும்போது சிறுவர்கள் நிமிர்ந்து வணங்குவர். அவர்களுள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர். கொடியேற்றம் முடிந்து அவர்களுள் ஒருவன் கரைக்கு ஓடித் தந்தையின் படகு திரும்பிவிட்டதா என்று பார்ப்பான். அப்படகு ஒவ்வொரு நாளும் திரும்பும் நாடு எதுவோ, அதுவே விடுதலை பெற்ற நாடு.